கொம்பொடிந்த மாடும் அமானுல்லா பாயும்

போன மாசியில் ஒரு விடியற்காலை, திருநகரில் என் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அமானுல்லா பாயின் மூத்த மகன் ரபீக். அந்த நேரத்தில் கூப்பிடுகிற பையன் இல்லை அவன். "அக்கா, அத்தா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "உசிலம்பட்டிக்காரங்களுக்கு நீங்கதான்க்கா சொல்லணும்" என்றான். முந்தின வாரம்தான் கடையில் அவரோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். பஸ்ஸில் வந்திருக்கலாமே, ஆட்டோ எதற்கு என்று கேட்டார். வெயிலில் நின்று பாருங்கள், தெரியும் என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அதில் எனக்கு வருத்தமில்லை. பதினைந்து வருஷமும் நாங்கள் அப்படித்தான் பேசினோம்.

பாயை அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை மகான் ஆக்கப் போவதில்லை. தெற்குவாசல் பக்கம் தார்ப்பாயும் கயிறும் வாளியும் விற்கிற கடைக்காரர் அவர். ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தேநீரில் சர்க்கரை குறைந்தால் ஒரு மணி நேரம் புலம்புவார். சொன்னதையே சொல்வார். பிடித்தால் பிடித்த பிடிதான். அந்தப் பிடிவாதம் இல்லாமல் இருந்திருந்தால், உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஊரில் சில வீடுகளின் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

நாங்கள் நடத்தியது ஒரு சின்ன அறக்கட்டளை. பாய் அதன் உறுப்பினர்களில் ஒருவர். நான் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கிறவள். அந்த மேற்குச் சீமையில் சம்சாரி வீட்டில், அதாவது விவசாயக் குடும்பத்தில், பிறந்தவள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மானாவாரி நிலத்தையும் கூலி வேலையையும் நம்பிக் கிடந்த குடும்பங்களுக்கு, பெண்கள் பேரில் இருக்கும் வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் போடுவது என்று முடிவானது. ஆடு இல்லை, மாடு இல்லை, தையல் மிஷின் இல்லை. வெறும் பணம். புரட்டாசியில் ஒரு பாதி, பங்குனியில் மறுபாதி. என்ன செலவு செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்வதில்லை. இந்தக் கடைசி விதி பாய் போட்டது.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கடையில் வைத்துச் சொன்னார். நோன்பு மாதத்தில் அவருடைய தகப்பனார் ஏழை வீடுகளுக்கு ஜகாத் கொடுக்கும்போது சின்னப் பையனான இவரையும் கூட்டிக்கொண்டு போவாராம். ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, "அவங்க என்ன வாங்குவாங்க அத்தா?" என்று இவர் கேட்டிருக்கிறார். தெருவிலேயே ஒரு குட்டு விழுந்ததாம். "பணம் போய்ச் சேர்ந்தா மட்டும் போதாதுடா, வாங்குனவன் அதுக்கு முதலாளி ஆகணும். முதலாளிகிட்ட போயி உன் பணத்த என்ன பண்ணுனன்னு கேப்பியா?" என்றாராம் தகப்பனார். இதைச் சொல்லும்போது பாய் அறுபது வயதுத் தலையைத் தடவிக்கொண்டார். குட்டு இன்னும் வலிக்கிறது போல.

முதல் பாதியைப் போட்ட சமயத்தில், ஊர் மந்தையில் ஒரு மேடை போட்டு விழா எடுக்கலாம் என்று எங்கள் செயலாளர் சொன்னார். அவர் காளவாசலில் இருக்கிறார். அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மையான மனிதர், ஆனால் எதற்கும் ஒரு போட்டோ வேண்டும் அவருக்கு. பெண்களை வரிசையாக நிற்க வைத்து, ஒரு பெரிய அட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது என்று பேச்சு. பாய் அமைதியாகக் கேட்டுவிட்டு, "என் கடைக்கு பேங்குக்காரன் கடன் குடுத்தான். என்னை மேடையில ஏத்தி நிக்க வெக்கலையே. வட்டி கட்டுறவனுக்கு உள்ள மரியாத இனாமா வாங்குறவனுக்கும் இருக்கணும்ல" என்றார். மேடை நின்றது. செயலாளருக்கு முகம் சுண்டிப்போனது.

மேடையைத்தான் நிறுத்த முடிந்தது, வருகையை நிறுத்த முடியவில்லை. மார்கழியில், பணம் கொடுத்தவர்களில் இரண்டு பேர் ஊரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதில் தப்பில்லை. செயலாளர், பாய், நான் என்று எல்லோரும் ஒரு வேனில் போனோம். யாரும் யாரிடமும் எதையும் காட்டச் சொல்லவில்லை. ஆனால் வருகிறோம் என்று முந்தின நாளே நான் போனில் சொல்லியிருந்தேன். அது போதுமானதாக இருந்தது.

முதல் வீட்டு வாசலில் ஒரு சிவப்பு மாடு கட்டியிருந்தது. இடது கொம்பு பாதியில் ஒடிந்த மாடு; கழுத்தில் நீல நைலான் கயிறு. "நீங்க குடுத்த காசுல வாங்குனதுங்க" என்றார் அந்த வீட்டுக்காரம்மா. உண்மையாகவே அவர் வாங்கியதுதான். எல்லோருக்கும் சந்தோஷம். தேநீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்கேயும் ஒரு சிவப்பு மாடு. இடது கொம்பு பாதியில் ஒடிந்திருந்தது. நாங்கள் தெரு வழியாக நடந்து வந்த நேரத்தில் அது கொல்லைப்புறமாக ஓடி வந்திருக்கிறது. பாய் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாட்டை மேலும் கீழும் பார்த்து, "எம்புட்டுப் பால் கறக்குது தாயி?" என்று கேட்டார். மூணு லிட்டர் என்றாள் அந்தப் பெண். முதல் வீட்டில் ரெண்டு என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் அதே மாடு, அதே கேள்வி. பால் நாலு லிட்டர் ஆனது.

நான்காவது வீடு பேச்சியம்மாளுடையது. அங்கே போவதற்குள் பாய் என் பக்கத்தில் வந்து, "தங்கச்சி, மாடு பாவம், மூச்சு வாங்குது. கொஞ்சம் மெதுவா நடப்போம்" என்றார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மெதுவாகத்தான் நடந்தோம். ஆனாலும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோதுதான் பேச்சியம்மாள் முளைக்குச்சியில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். முந்தானை முழுக்க வைக்கோல். செயலாளருக்கு அதற்குள் பிடிபட்டுவிட்டது. பணம் கொடுத்தவர்களுக்கும் பிடிபட்டுவிட்டது. வேனில் ஏறப் போகும்போது பாய் மட்டும் திரும்பி, "அடுத்த தடவை கயிறையாவது மாத்திக் கட்டுங்க தாயி. நம்ம கடையில பச்சை இருக்கு, மஞ்ச இருக்கு" என்றார். பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து நான் மட்டும் போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பேச்சியம்மாள் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்தினேன். யாரம்மா உங்களை மாடு காட்டச் சொன்னது, மறுபாதிப் பணம் நின்று போனால் யாருக்கு நஷ்டம், என் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டீர்களே என்று கேட்டேன். கத்தியது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கத்தாமல் இருந்திருந்தால் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"முன்னெல்லாம் மாட்டுக் கடன் குடுத்தவங்க வந்து மாட்டத்தானக்கா கேட்டாங்க. மாடு இல்லாட்டி ஏச்சு. இவங்களும் பெரிய ஆளுக, வேன்ல வாராகன்னு பயந்துட்டோம்" என்றாள். சரி, அப்படியென்றால் பணத்தை என்னதான் செய்தாய் என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்பது விதி. கோபத்தில் விதி மறந்துவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஐப்பசியில சூளை மேஸ்திரி வந்தாருக்கா. தீவாளிக்கு வெச்சுக்கன்னு முன்பணத்த நீட்டுனாரு. கையில காசு இருந்துச்சு. வேணாம்னு சொல்லிட்டேன். அம்புட்டுத்தான். என்ன வாங்குனன்னு கேட்டா, அந்த வேணாமைக் கொண்டாந்து எந்தக் கட்டுத்தறியில கட்டுறது?"

இந்தச் செங்கல் சூளைக் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தீபாவளிக்கு முன்னால், வீட்டில் ஒன்றும் இல்லாத நேரம் பார்த்து மேஸ்திரி வருவார். கொடுப்பதைக் கை நீட்டி வாங்கினால், பொங்கல் முடிந்ததும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கண்காணாத ஊருக்குச் சூளை வேலைக்குப் போக வேண்டும். ஆடி பிறக்கும்போதுதான் திரும்ப முடியும். பிள்ளைகளின் படிப்பு அந்த வருஷம் அத்தோடு சரி. நடுவில் எது நடந்தாலும் கிளம்பி வர முடியாது. அதற்கு முந்தின வருஷம் மாசியில் பேச்சியம்மாளின் ஆத்தா இறந்திருக்கிறார். சேதி போயிருக்கிறது. சுட்ட கல் இறங்கட்டும், அப்புறம் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். "கருமாதிக்குத்தான்க்கா வந்து சேந்தேன். ஆத்தா முகத்தப் பாக்கல" என்றாள். அதற்கு மேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை. அவள் போட்டுக் கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலையே கடைக்குப் போய்ப் பாயிடம் சொன்னேன். வாங்க வந்தவர்களை ரபீக் பார்த்துக்கொண்டான். பாய் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பெத்தவ முகத்தப் பாக்க விடாத வேலையும் ஒரு வேலையா தங்கச்சி" என்றார். பிறகு, "அது சரி, நீ எப்படிக் கேட்டே அந்தப் பிள்ளைகிட்ட? கேக்கக் கூடாதுன்னுதானே பேசி வெச்சிருக்கோம்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அழுவதற்கு இருந்தவள் எரிச்சலோடு எழுந்து வந்தேன்.

கூட்டம் கடையின் மாடியில் நடந்தது. நாலாபக்கமும் தார்ப்பாய்க் கட்டு. அந்த வாடையில் எனக்குத் தலைவலியே வரும். செயலாளர் கறாராகப் பேசினார். ஏமாற்றினவர்களுக்கு மறுபாதி கிடையாது, அதை வேறு ஊருக்குக் கொடுக்கலாம் என்றார். பேச்சியம்மாள் சொன்னதைச் சொன்னேன். "அதுவும் பொய்யா இருந்தா?" என்றார். நியாயமான கேள்விதான். மறுபாதி நின்றால் அடுத்த ஐப்பசியில் மேஸ்திரி வரும்போது அந்த வீடுகளில் மறுபடியும் வெறும் கைதான் இருக்கும். எனக்கு அது ஒன்றே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

பாய் பேசினார். "இனாம் வாங்குனவன் பொருளைக் காட்டணும்னு பழக்குனது யாரு? நம்மள மாதிரி ஆளுகதான். பழக்கிவிட்டுட்டு, அவங்க அதே மாதிரி காட்டுனா கோவிச்சுக்கிறோம். நாம ஒண்ணு செய்வோம் சார். மாசியில நீங்களே போங்க. வாரோம்னு சொல்லாதீங்க. யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க. எந்த வீட்டுல பூட்டுத் தொங்குதுன்னு மட்டும் பாத்துட்டு வாங்க. வருஷா வருஷம் மாசியில அந்தத் தெரு பூரா பூட்டுத்தானாம்." செயலாளர் சரி என்றார்.

மாசியில் அவருடைய காரில் நாங்கள் இருவரும் போனோம். நல்ல வெயில். தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். ஒரு வீட்டில் நெல் காய்ந்தது. ஒரு வீட்டில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் வீட்டுக் கொடியில் அவள் மகளின் பள்ளிக்கூடச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாடு எங்கே என்று கேட்போம் என்று நினைத்திருப்பாள். செயலாளர் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். தெருவில் இரண்டே வீடுகளில் பூட்டு. திரும்பும்போது காளவாசல் சிக்னலில் வண்டி நின்றபோது, "பங்குனியிலயே போட்டு விட்டுறலாம்மா" என்றார். பங்குனியில் பணம் போனபோது, மாடியில் பாய் பேசியதைப் பேச்சியம்மாளிடம் நான்தான் சொன்னேன்.

அந்த இரண்டு பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாய்க்குப் பிடிக்காது. ஒரு வீட்டில் புருஷன் பணத்தைக் குடித்தே தீர்த்திருந்தான். இன்னொரு வீட்டில் பிள்ளைக்குக் காது குத்தி ஊருக்கே கறிச்சோறு போட்டுவிட்டு, மேஸ்திரியிடம் கை நீட்டியிருந்தார்கள். அவர்களுக்கு மறுபாதி எதற்கு என்று நானே கேட்டேன். "நான் கடை லாபத்துல பிரியாணி ஆக்கிப் போடுறேன். யாராச்சும் வந்து கேட்டாங்களா?" என்றார் பாய். குடிகாரன் வீட்டுக்கு என்ன பதில் என்றேன். "அதுக்குப் பதில் தெரியல. ஆனா கணக்கு அந்தப் பிள்ள பேருலதானே இருக்கு. அவ இன்னொரு தடவை முயற்சி பண்ணட்டும்" என்றார். அந்தப் பெண் அடுத்த வருஷமும் சூளைக்குப் போனாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதினால் அது அந்த மாட்டைக் காட்டியது போலத்தான்.

அடக்கத்து நாளுக்கு வருகிறேன். மதியம் நெருங்கும்போது, பாய் வீடு இருக்கும் தெற்குவாசல் சந்தில் ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே பெண்களோடு இருந்தேன். திடீரென்று தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. எழுந்து ஓடினேன். பேச்சியம்மாளும் அந்த ஊர்ப் பெண்கள் நாலைந்து பேரும் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாலையும் கையுமாக, "என்னப் பெத்த அண்ணே" என்று கதறிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு அப்படித்தான் போவோம். சத்தம் இல்லாமல் போனால் துக்கம் இல்லை என்று ஆகிவிடும். அந்தச் சந்தில் எல்லோரும் திகைத்துப் போனார்கள். ஒரு பெரியவர் எழுந்து, கோபமில்லாமல்தான், "சத்தம் போட்டு அழக் கூடாதும்மா, இங்க வழக்கமில்ல" என்றார். பேச்சியம்மாள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் நின்றது. உடம்பு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து பாயின் மனைவி, "அவங்க அண்ணனைப் பாக்க வந்திருக்காங்க, விடுங்க. முகம் பாத்துட்டுப் போகட்டும்" என்றார். மாலையை வாசலிலேயே வைத்துவிட்டார்கள். பேச்சியம்மாள் பையிலிருந்து ஒரு கோடித் துண்டை எடுத்தாள். கூடப் பொறந்தவன் இறந்தால் போடுகிற புதுத் துணி. எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். ரபீக் வந்து இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டான். குளிப்பாட்டிய பிறகு அத்தாவின் உடம்பைத் துடைக்க அந்தத் துண்டைத்தான் எடுத்தோம் என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

அவள் கதவோரம் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு பாயின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள். "இது மாசி, மதினி. சூளைக் காலம். அங்க கிடந்திருந்தா அண்ணே போனதே எனக்குத் தெரிஞ்சிருக்காது. எங்காத்தா முகத்தத்தான் பாக்கல. அண்ணே முகத்தப் பாத்துட்டேன்." அந்த அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவர்களைக் காளவாசலுக்குக் கூட்டி வந்து உசிலம்பட்டி பஸ்ஸுக்காக நின்றோம். பேச்சியம்மாளின் செருப்பு புதிதாக இருந்தது. கழுத்தில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. மூன்று வருஷமாகச் சூளைக்குப் போகாமல் எப்படிச் சமாளிக்கிறாள், அந்தப் பணம் முடிந்து இவ்வளவு நாளாகிறதே, இன்று எந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள், கோடித் துண்டுக்குக் காசு ஏது என்று கேள்விகள் வரிசையாகத் தொண்டைக்கு வந்தன. என் சுபாவம் அப்படி. பாய் இருந்திருந்தால் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்திருப்பார். விழுங்கிக்கொண்டேன். அமானுல்லா பாயிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த விழுங்கல் ஒன்றுதான். இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பஸ் வந்தது. சாவு வீட்டுக்குப் போனவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேச்சியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.